றுக்கியா டீச்சர் வீட்டு முன்னால் மாறிய கியர்

பதுர்தீன் நானாவுக்குச் சைக்கிளோடு கதைக்க வரும், பெண்களோடு கதைக்க வராது. நாற்பத்தொரு வயதாகியும் அவர் கல்யாணம் கட்டாமல் இருந்ததற்கு ஊர் சொன்ன காரணம் இதுதான். இந்த விஷயத்தில் ஊர் பொய் சொல்லவில்லை. கற்பிட்டிச் சந்தைக்குப் பின்பக்கம் இருந்த அவருடைய கடைக்கு நீங்கள் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், அவர் அதன் சீட்டில் தட்டி, "என்னடா, பிரேக் கட்டை தேஞ்சு போச்சா? மழையில விட்டுட்டாங்களா ஒன்ன?" என்று சுகம் விசாரிப்பார். அதே சைக்கிளை ஒரு பெண் தள்ளிக்கொண்டு வந்தால் தலையைக் குனிந்து டயரைப் பார்த்தபடி, "காத்தா, ஒட்டா?" என்பார். காற்றடிக்க வேண்டுமா, ஒட்டுப் போட வேண்டுமா என்பது அதன் பொருள். அதற்கு மேல் ஒரு சொல் வெளியே வராது.

சைக்கிள் பித்து அவருக்குச் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களை எல்லாம் ஒரேயடியாக வெளியேறச் சொன்னபோது அவருக்கு ஒன்பது வயது. உம்மா சோற்றுப் பானையைத் தூக்கினார், வாப்பா குர்ஆனை எடுத்தார். பதுர்தீன் வாப்பாவின் சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டார். சைக்கிளை வள்ளத்தில் ஏற்ற விடவில்லை, மணியை யாரும் கவனிக்கவில்லை. மணியை அவித்தா தின்னப் போகிறாய் என்று உம்மா கடல் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாராம். கற்பிட்டிக் கரையில் இறங்கியதும் இவர் அதை ஒரு தரம் அடித்துப் பார்த்திருக்கிறார். அழுதுகொண்டு நின்ற சனத்தில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்களாம். அந்த மணிதான் பிறகு கடை வாசலில் தொங்கியது. வருகிறவர்கள் அதை அடித்துத்தான் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்களுக்கு அது கஷ்டகாலம். பதுர்தீனுக்கு அது பெருநாள். கார் வைத்திருந்தவர்களும் வேன் வைத்திருந்தவர்களும் வீட்டுக் கூரைக்கடியிலிருந்து துருப்பிடித்த சைக்கிள்களை இழுத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார்கள். அதுவரை அவரைக் கண்டால் ஹார்ன் அடித்துவிட்டுப் போன கண்டிராக்டர்கள் "பதுர்தீன் நானா, சுகமா?" என்று இறங்கி வந்து கேட்டார்கள். தலவில அன்னம்மாள் தேவாலயத் திருநாளுக்குப் போனவர்கள்கூட அந்த வருஷம் சைக்கிளில்தான் போனார்கள். வழியில் டியூப் வெடித்தவர்கள் எல்லாம் அன்னம்மாளுக்கு அடுத்தபடியாக பதுர்தீனைத்தான் நினைத்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார், கொஞ்சம் கொழுப்பும் வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் லவன் இரண்டு கறுப்புச் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வந்தான். லவன் வன்னியிலிருந்து சண்டைக்காலத்தில் வந்து இந்தப் பக்கத்தில் தங்கிவிட்டவன். கடலில் பட்டம் கட்டிச் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர்களுக்கான விடுதி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே தங்கியிருந்த புருஷனும் பெண்சாதியும் சைக்கிள்களை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள், திரும்பி வருவதாக இல்லை, நீ விரும்பியதைச் செய் என்று எழுதிவிட்டார்கள். விடுதியின் சைக்கிள்களை எல்லாம் இத்தனை காலமும் பார்த்துத் தந்தவர் பதுர்தீன் என்பதால் லவன் இரண்டையும் அவருக்கே தந்துவிட்டான்.

பதுர்தீன் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், கருவாட்டுக் கூடையைவிடப் பாரம் குறைவு. பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"கியர் வயர் எங்க?"

"வயர் இல்ல நானா," என்றான் லவன்.

சாதாரணக் கியர் சைக்கிள் என்றால் ஹேண்டிலில் இருக்கும் பொத்தானிலிருந்து பின்சில்லு வரைக்கும் ஒரு கம்பி ஓடும். அந்தக் கம்பி இழுத்தால்தான் செயின் ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்த பற்சக்கரத்துக்குத் தாவும், பெடல் பாரமாகவோ இலேசாகவோ ஆகும். இதில் கம்பி என்ற பேச்சே இல்லை. ஹேண்டிலில் ஒரு பொத்தான், பின்சில்லோடு ஒட்டி ஒரு குட்டி மோட்டார். பொத்தானை அமத்தினால் மோட்டார் 'ட்ஸிக்' என்று ஒரு சத்தம் போட்டுச் செயினைத் தள்ளுகிறது. நடுவில் வெறும் காற்று. லவன் இன்னும் இரண்டு சாமான் காட்டினான். ஒன்று ஹேண்டிலில் பூட்டும் சின்னத் திரை, மற்றது நெஞ்சில் கட்டும் பட்டி. பட்டியைக் கட்டிக்கொண்டால் இதயம் அடிக்கும் வேகம் திரையில் தெரியுமாம், அதற்கும் வயர் இல்லை. பதுர்தீன் சட்டையைக் கழற்றிப் பட்டியைக் கட்டிப் பார்த்தார். திரையில் இலக்கம் துள்ளியது. ஒரு சைக்கிள் தன் இதயத்தைக் கேட்கிறது என்பதில் அவருக்கு உண்டான சந்தோஷத்தில் இலக்கம் இன்னும் துள்ளியது.

"பொத்தானும் மோட்டாரும் மாப்பிள்ளை பொம்பிளை மாதிரி, நானா. சோடி சேர்த்து வச்சிருக்கு. தன்ர சோடியோட மட்டும்தான் கதைக்கும். பக்கத்துச் சைக்கிளை எட்டியும் பாக்காது," என்று லவன் சொல்லிவிட்டுப் போனான்.

சொல்லியும் என்ன பயன்? பதுர்தீனுக்கு மனம் கேட்கவில்லை. எங்கேயோ ஒளித்து ஒரு மெல்லிய வயர் ஓடத்தான் வேண்டும் என்று நினைத்தார். வெள்ளைக்காரன் கெட்டிக்காரன், குழாய்க்குள் புதைத்திருப்பான். ஆகவே அவர் இரண்டு சைக்கிளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, குழாய்களுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். வயர் இல்லை. ஒத்துக்கொண்டு திரும்பப் பூட்டத் தொடங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைய மின்வெட்டும் வந்துவிட்டது. கை பழகியவருக்கு வெளிச்சம் எதற்கு? இருட்டிலேயே பூட்டி முடித்தார். முதலாவது சைக்கிளின் பொத்தானை அமத்தினார், 'ட்ஸிக்' கேட்டது. இரண்டாவதின் பொத்தானை அமத்தினார், 'ட்ஸிக்' கேட்டது. இரண்டும் வேலை செய்கின்றன, அல்ஹம்துலில்லாஹ் என்று கடையைப் பூட்டிக்கொண்டு போனார்.

பொத்தான்கள் இரண்டும் இடம் மாறிப் பூட்டுப்பட்டுவிட்டன. இந்தச் சைக்கிளின் பொத்தானுக்கு அந்தச் சைக்கிளின் மோட்டார் அசைந்தது, அந்தச் சைக்கிளின் பொத்தானுக்கு இது அசைந்தது. பக்கத்துப் பக்கத்தில் நின்றதால் சத்தம் மட்டும் சரியாகக் கேட்டது. இது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது.

மறுநாள் வாசல் மணி அடித்தது. நின்றது றுக்கியா டீச்சர். மண்டலக்குடாப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், வயது முப்பத்தாறு. அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. கல்யாணம் பேசும்போது கன்னிப் பெண்ணிடம் சம்மதம் கேட்டால் அவள் வெட்கத்தில் பேசாமல் இருப்பாள், அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நம் வழக்கம். சில வருஷங்களுக்கு முன் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்டபோது டீச்சர் யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறார். யோசித்து முடிக்குமுன் வெளியே நபியின் பேரில் ஸலவாத்துச் சொல்லி, தொதல் இனிப்பைப் பங்கிட்டுவிட்டார்கள். டீச்சர் தட்டோடு வெளியே வந்து, கடித்தவர்கள் போக மற்றவர்களிடம் தொதலைத் திருப்பி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாப்பா இல்லாத வீட்டில் பொறுப்பாக இருந்த அண்ணன், முஆஸ் நானாவுக்கு, அன்றிலிருந்து தொதல் வாடையே ஆகாது.

"காத்தா, ஒட்டா?" என்றார் பதுர்தீன் டயரைத் தேடி. டயர் இல்லை. டீச்சர் நடந்து வந்திருந்தார்.

"ரெண்டுமில்ல. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் இல்ல. எனக்கொரு சைக்கிள் வேணும்."

கடையில் ஒட்டுப் போட்ட சைக்கிள்கள் ஏழெட்டு நின்றன. பதுர்தீனின் கை அவரைக் கேளாமலே கறுப்புச் சைக்கிள் ஒன்றின் மேல் போய் விழுந்தது. எந்த விலை சொன்னாலும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று காலையில்தான் சத்தியம் பண்ணியிருந்தார். டீச்சர் அதில் ஏறிச் சந்தைத் தெருவில் ஒரு வட்டம் அடித்து, அபாயாவை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, காற்றுக்குச் சிரித்தபடி போய் மறைந்தார். பதுர்தீன் பம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அன்று இரண்டு சைக்கிளுக்கு முன்சில்லில் அடிக்க வேண்டிய காற்றைப் பின்சில்லில் அடித்தார்.

அகதி முகாமாகத் தொடங்கி இப்போது ஊராகிவிட்ட ஒரு குடியேற்றத்தில்தான் பதுர்தீனின் வீடு. கடைக்குப் போகும் பாதையில், ரோட்டோரம், வெங்காயத் தோட்டத்துக்கு முன்னால் டீச்சர் வீடு. மற்றக் கறுப்புச் சைக்கிளில் அவர் முதன்முறை அந்த வழியாகக் கடைக்குப் போன காலையில் அது நடந்தது. விறாந்தையில் டீச்சர் தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். பதுர்தீன் ஒரு பார்வை பார்த்தார். 'ட்ஸிக்.' பெடல் பாரமாகியது. 'ட்ஸிக், ட்ஸிக்.' இன்னும் பாரம். காற்று வேறு எதிர்க்காற்று. பெடலில் ஏறி நின்று, இடுப்பில் கட்டிய சாரம் கப்பற்பாய் போல விரிய, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். நடந்து போனவர்கள் ஸலாம் சொல்லிக்கொண்டே அவரைவிடக் கெதியாக முந்திப் போனார்கள். பதற்றத்தில் தன் ஹேண்டில் பொத்தானைப் போட்டு அமத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. வீடு கடந்து முடக்கில் திரும்பும் நேரம் 'ட்ஸிக், ட்ஸிக், ட்ஸிக்' என்று தானாக இலேசாகியது.

கடையில் போய்ச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தார். உப்புக்காற்று என்று நினைத்துத் துடைத்தார், எண்ணெய் விட்டார், ஊதினார், ஓதியும் ஊதினார். பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது டீச்சர் வீட்டு முன்னால் மறுபடியும் 'ட்ஸிக்.' மறுநாளும் அப்படியே. ஊர் முழுக்க ஓடினாலும் கியர் அசையவில்லை, பொத்தானை எத்தனை தரம் அமத்தினாலும் அசையவில்லை. அந்த ஒரு வீட்டு முன்னால் மட்டும் தானாக மாறியது.

பதுர்தீன் யோசித்தார். யோசித்து ஒரு முடிவுக்கும் வந்தார். அந்த முடிவில் ஒரு குறையும் சொல்ல முடியாது, பிழை என்பதைத் தவிர. நெஞ்சுப் பட்டியை அவர் ஒரு நாள் கட்டியிருந்தார் அல்லவா? அன்றைக்கே இந்தச் சைக்கிள் அவருடைய இதயத்தோடு சோடி சேர்ந்துவிட்டது. அதனால்தான் விரலுக்கு மசியவில்லை. டீச்சரைக் கண்டால் இதயம் துள்ளுகிறது, இதயம் துள்ளினால் கியர் ஏறுகிறது. வீடு கடந்ததும் மனம் அடங்குகிறது, கியரும் இறங்குகிறது. கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. உடனே அவருக்கு வேர்த்துவிட்டது. நாற்பத்தொரு வருஷம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த மனதை இந்தச் சைக்கிள் நடுரோட்டில் வைத்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போகிறது.

மறைக்கப் பாடுபட்டார். டீச்சர் வீடு வருமுன்பே மனதைத் திருப்ப வேண்டும் என்று பெட்ரோல் வரிசையை நினைத்துக்கொண்டு போனார். 'ட்ஸிக்.' பல்லுப் பிடுங்கியதை நினைத்தார். 'ட்ஸிக், ட்ஸிக்.' கண்ணை மூடிக்கொண்டு போய் முஆஸின் வேலியில் ஏறினார். ஒரு நாள் காய்ச்சலில் படுத்துத் தேறி, நெஞ்சில் ஒரு துடிப்பும் இல்லாத மாதிரிச் சோர்ந்து போனார், அன்றைக்கு ஒன்றுக்குப் பின் ஒன்றாக உச்சிக் கியர் வரை ஏறிவிட்டது. காய்ச்சலிலும் இந்த இதயத்துக்குப் புத்தி வரவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் பாருங்கள், அவர் வழியை மாற்றவில்லை. கடற்கரைப் பக்கமாக வேறு ரோடு இருந்தது. அதில் போகவில்லை. மாறாக, மறந்துவிட்ட சாவியை எடுக்க, மறக்காத சாவியைப் பார்க்க என்று நாளில் பல தரம் அந்த வழியாகப் போய்வந்தார். ஒவ்வொரு தரமும் மூச்சிரைக்க, சாரம் பறக்க, மெல்ல மெல்ல, ஊரிலேயே மிக மெதுவாக ஓடும் சைக்கிளில் அந்த வீட்டைக் கடந்தார். டீச்சர் பெரும்பாலும் விறாந்தையில் நின்று சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். இவ்வளவு சுத்தம் பார்க்கும் பெண்ணை அவர் கண்டதில்லை.

இன்னொரு ஆறுதலும் இருந்தது. டீச்சர் கியர் பற்றி ஒரு முறைப்பாடும் சொல்லி வரவில்லை. பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரே கியரில் மிதித்துக்கொண்டு போய்வந்தாரே தவிர கடைப் பக்கம் வரவில்லை. தன் கைவேலை அவ்வளவு உறுதி என்று பதுர்தீன் நினைத்துக்கொண்டார்.

இப்படியே ஒரு வருஷம் ஓடினாலும் அவர் சந்தோஷமாக ஓடியிருப்பார். ஆனால் பெட்ரோல் வந்துவிட்டது. கைபேசியில் ஒரு கட்டம்போட்ட படத்தைக் காட்டினால் கிழமைக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றினார்கள். ஊர் சைக்கிளை மறுபடி கூரைக்கடியில் போட்டது. கண்டிராக்டர்கள் மறுபடி ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள். அதுகூட அவரை உறுத்தவில்லை. ஒரு காலையில் டீச்சர் வீட்டு விறாந்தையில் கறுப்புச் சைக்கிளைக் காணவில்லை, கழுவித் துடைத்த ஸ்கூட்டர் நின்றது. அன்று வீட்டு முன்னால் கியர் மாறவில்லை. பதுர்தீன் வழுக்கிக்கொண்டு போனார். இவ்வளவு இலேசாக மிதித்து இவ்வளவு பாரமாக அவர் ஒரு நாளும் போனதில்லை.

வீட்டுக்குத் திரும்பித் தங்கச்சி நபீலாவிடம் போய் நின்றார். நபீலாவும் புருஷனும் பக்கத்து வளவில் இருந்தார்கள். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"என்ட இதயம் நிண்டு போச்சு," என்றார்.

நபீலா பானையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இருக்கவைத்துத் தண்ணீர் கொடுத்து விசாரித்ததில், பட்டி, மோட்டார், காற்று, டீச்சர் எல்லாம் வெளியே வந்தன. டீச்சரைக் காணாததால் இதயம் துள்ளவில்லை, கியரும் மாறவில்லை என்று அவர் விளக்கினார். நபீலாவுக்குச் சைக்கிள் பகுதி விளங்கவில்லை. மற்றப் பகுதி விளங்கியது. அவள் அன்றைக்கே முந்தானையைச் சரி செய்துகொண்டு முஆஸ் வீட்டுக்குப் போனாள்.

முஆஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலியில் ஏறியதற்கு மட்டும் கொஞ்சம் கோபம் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வரச் சொன்னார். ஒரு நிபந்தனையும் போட்டார். மௌனம் எல்லாம் சம்மதம் என்று இந்த முறை எடுப்பதில்லை. தங்கச்சி வாயைத் திறந்து ஓம் என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு, இல்லாவிட்டால் வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டுப் போகலாம்.

வெள்ளிக்கிழமை முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். பள்ளிவாசலிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்திருந்தார்கள், தோழன் என்ற முறையில் லவன் வந்திருந்தான். நபீலா உள்ளே பெண்களிடம் போனாள். பதுர்தீன் புதுச் சாரத்தோடும் அத்தரோடும் தன் கறுப்புச் சைக்கிளில்தான் வந்தார், அதைத் தென்னையில் சாத்தி நிறுத்தினார். வரும்போது கியர் மாறவில்லை. விறாந்தையில் ஸ்கூட்டர் மட்டும் நின்றது.

முஆஸ் உள்ளே போனார். எல்லாரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, "பேசாம நிக்கிறா," என்றார்.

பெரியவர்களில் ஒருவர் மௌனம் சம்மதம்தானே என்று மெல்ல எடுத்துக்கொடுத்தார். முஆஸ் கையை நீட்டித் தடுத்தார். தொதலைத் திருப்பி வாங்குகிற வேலை இனி இந்த வீட்டில் நடக்காது என்றார். மறுபடி உள்ளே போனார். மறுபடி வந்தார். கேட்டால் ஒன்றும் சொல்கிறாள் இல்லை, இருந்த இடத்தை விட்டு அடுப்படிக்கு, குசினிப் பக்கமாகப் போய்விட்டாள் என்றார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

"வேற ஒரு நாளைக்குப் பாப்பம்," என்றார்.

பெரியவர்கள் கதிரையிலிருந்து எழும்பினார்கள். லவன் பதுர்தீனின் தோளில் கை வைத்தான். பதுர்தீனின் நெஞ்சு கிணற்றுக்குள் விழுந்த வாளி போலக் கீழே போய்க்கொண்டிருந்தது. இனி எந்த வழியால் கடைக்குப் போவது என்று அந்த நேரத்திலும் ஒரு யோசனை ஓடியது. கடற்கரை ரோடுதான்.

'ட்ஸிக்.'

எல்லாரும் திரும்பினார்கள். தென்னையில் சாத்தியிருந்த சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. 'ட்ஸிக்.' பின்சில்லோடு இருந்த அந்தக் குட்டி மோட்டார் தானாக அசைந்தது. 'ட்ஸிக், ட்ஸிக்.' பெரியவர் ஒருவர் சைத்தானை விரட்டும் அவூது சொல்லிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார். அது விடவில்லை. ஒவ்வொன்றாக உச்சிக் கியர் வரை ஏறி நின்றது.

"நான் இல்ல," என்றார் பதுர்தீன். "என்ட நெஞ்சு விழுந்து கிடக்கு. துள்ளல்ல. இது நான் இல்ல."

லவன் சைக்கிளைப் பார்த்தான், குசினிப் பக்கத்தைப் பார்த்தான், பிறகு பதுர்தீனைப் பார்த்தான். "நானா," என்றான், "ரெண்டையும் ஒண்டாக் கழட்டினீங்களா?"

பதுர்தீன் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். இருட்டு, மின்வெட்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹேண்டில் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. அதற்குப் பின்னால் விறாந்தையும் வந்தது. துடைத்துத் துடைத்து ஓயாத அந்தச் சைக்கிளும், ஹேண்டிலை விட்டு எடுபடாத அந்தக் கையும் வந்தன. ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு பின்னேரமும், மறக்காத சாவியைப் பார்க்கப் போன அத்தனை தரமும். அது அவர் இதயம் இல்லை. அது ஒரு விரல். அவர் காய்ச்சலில் படுத்து எழும்பிய நாள் உச்சி வரை ஏற்றிப் பார்த்த விரல்.

வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. தென்னையடிக்குப் போய்த் தன் ஹேண்டிலில் இருந்த பொத்தானை மெல்ல ஒரு தரம் அமத்தினார்.

குசினிப் பக்கத்திலிருந்து 'ட்ஸிக்' என்று கேட்டது.

அவர் மறுபடி அமத்தினார், அங்கே மறுபடி கேட்டது. உடனே இங்கே 'ட்ஸிக்' என்றது. அவர் அமத்தினார், அங்கே கேட்டது, இங்கே கேட்டது. பெரியவர்கள் இருவரும் பந்து விளையாட்டுப் பார்ப்பவர்கள் போலத் தலையை அங்கும் இங்கும் திருப்பினார்கள். உள்ளே நபீலா சிரிப்பை அடக்க முடியாமல் எதையோ தட்டிவிட்டு உடைத்தாள்.

முஆஸ் விறுவிறு என்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"பதில் செல்லிட்டாவாம்," என்றார். "என்ன பதில் எண்டு ஒங்கட்டக் கேக்கச் செல்றா."

ஆக, வாயைத் திறந்து சொல்ல வேண்டியவர் மாறிவிட்டார். எல்லாக் கண்ணும் பதுர்தீன் மேல். காத்தா ஒட்டா என்பதற்கு மேல் போகாத அந்த நாக்கு, ஒரு பெண்ணின் மனதைச் சபை நடுவில் எடுத்துச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் தட்டோடு வந்து திருப்பி வாங்கிவிடுவார், அது ஊருக்கே தெரியும். அவர் குசினிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். உள்ளே கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்தினார்.

"ஓம் எண்டு செல்றாங்க," என்றார். "நானும் ஓம். நான் அண்டைக்கே ஓம், சைக்கிள் வாங்க வந்த அண்டைக்கே. நான் செல்லத் தெரியாம நிண்டன். அவங்க ஒவ்வொரு நாளும் செல்லியிருக்காங்க. எனக்குத்தான் விளங்கல்ல."

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நாற்பத்தொரு வருஷப் பேச்சு மொத்தமாக வந்தது. வயர் தேடியதைச் சொன்னார், பட்டியைச் சொன்னார், பல்லுப் பிடுங்கியதை நினைத்ததைச் சொன்னார், வேலியில் ஏறியதற்கு முஆஸிடம் மன்னிப்பும் கேட்டார். குசினியிலிருந்து மறுப்பு வரவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் தென்னையடிச் சைக்கிளில் 'ட்ஸிக்' என்று ஒரு ஆமோதிப்புத்தான் வந்தது. முஆஸ் கடைசியில் ஸலவாத்துச் சொல்லித் தொதல் தட்டை எடுத்துவரச் சொன்னார். முதல் துண்டை அவரே எடுத்தார், ஆனால் உள்வாசலைப் பார்த்துக்கொண்டே எடுத்தார். யாரும் திருப்பி வாங்க வரவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு பொத்தான்களைச் சரியான சைக்கிளில் மாற்றிப் பூட்டப் பதுர்தீனுக்கு அரைமணி நேரம் போதும். இன்றுவரை அவர் அதைச் செய்யவில்லை. கேட்பவர்களுக்கு, சரியான கருவி கொழும்பிலிருந்து வர வேண்டும் என்று கதை விடுகிறார். இரண்டு பேரும் லீவு நாட்களில் தலவிலப் பக்கம் சைக்கிளில் போவார்கள். ஒருவர் கியர் மற்றவர் கையில் இருப்பதால் பக்கத்துப் பக்கத்தில்தான் போக வேண்டும், ஒருவரை விட்டு ஒருவர் ஓட முடியாது. மன்னாரிலிருந்து வந்த அந்த மணி இப்போது டீச்சரின் ஹேண்டிலில் இருக்கிறது.

அப்படிப் போன ஒரு பின்னேரம்தான் பதுர்தீன் வெகுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டார். விளையாட்டுக் காட்டுவதென்றால் கியரை இலேசாக்கியிருக்கலாமே, அந்த எதிர்க்காற்றில், சனம் பார்க்க, ஒவ்வொரு நாளும் அவ்வளவு பாரமாக்கி ஏன் என்னை வதைத்தாய் என்று கேட்டார். அவர் இப்போது இப்படி நீளமாகக் கேட்கப் பழகிவிட்டார்.

றுக்கியா டீச்சர் ரோட்டைப் பார்த்தபடி மிதித்துக்கொண்டிருந்தார்.

"இலேசாக்கினா," என்றார், "நீங்க கெதியாப் போயிருவீங்களே."